பொந்தும் பெட்டியும்: மரச்சிலந்தியின் இரண்டு வீடுகள்

மரத்தில் வாழும் டரான்டுலா சிலந்தியை வளர்க்க நினைப்பவர் முதலில் கேட்பது பெட்டியின் அளவைப் பற்றித்தான். எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், கண்ணாடியா அக்ரிலிக்கா, கதவு மேலேயா முன்னாலேயா என்று கேள்விகள் வரிசையாக வரும். அதே சிலந்தி தானாகத் தேடிக்கொள்ளும் வீட்டைப் பார்த்த பிறகு இவற்றில் பாதி உதிர்ந்துவிடுகின்றன. அதுவரை கேட்கத் தோன்றாத வேறு சில முளைக்கின்றன. ஆகவே இரண்டு வீடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் ராமேஸ்வரத்துத் தோப்பில் ஒரு புளியமரப் பொந்து. மறுபக்கம் வளர்ப்பவர் வீட்டு அலமாரியில் ஒரு கண்ணாடிப் பெட்டி.

ராமேஸ்வரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மரவாழ் டரான்டுலாக்களை வளர்ப்போர் உலகெங்கும் பெரிதும் விரும்பும் பேரினங்களில் ஒன்று பொயசிலோதீரியா. அது இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இயற்கையில் கிடையாது. சேலத்தின் பெயரால் வளர்ப்போர் அறியும் ஃபார்மோசா, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் காடுகளில் வாழும் ரூஃபிலேட்டா, ஆந்திரத்தின் குத்தி ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் முதன்முதலாக அகப்பட்ட நீலநிற மெட்டாலிகா ஆகிய மூன்றையும் 1899இல் ஆர். ஐ. போக்காக் பெயரிட்டு விவரித்தார். ராமேஸ்வரத்து ஹனுமவிலாசுமிகா அறிவியலின் கண்ணில் பட்டதோ ஒரு நூற்றாண்டு கழித்து, 2004இல், ஆண்ட்ரூ ஸ்மித்தின் எழுத்தில். அது ஆளரவமற்ற காட்டில் ஒளிந்திருக்கவும் இல்லை. புளியும் தென்னையும் நிற்கும் தோப்புகளில், மனிதர் நாள்தோறும் நடந்துபோகும் வழியில்தான் இருந்தது.

நான் இதை எழுதும் திருவேங்கடத்திலிருந்து பார்த்தால் மேற்கே ரூஃபிலேட்டாவின் மலை, கிழக்கே ஹனுமவிலாசுமிகாவின் தீவு, நடுவே கரிசல். பக்கத்துச் சங்கரன்கோவிலில் பாம்பு, தேள் உருவம் பொறித்த வெள்ளித் தகட்டைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள்; புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வீட்டுக்கும் எடுத்துப்போகிறார்கள். விஷ ஜந்துக்கென்று ஓர் இடம் உண்டு, அது நம் இடத்துக்குள் வராதிருக்கட்டும் என்பது அந்த வேண்டுதல். பெட்டி வாங்குபவர் செய்வது இதற்கு நேர்மாறாகத் தெரியும். ஜந்துவை வீட்டுக்குள் கொண்டுவந்து அதற்கு இடம் ஒதுக்குகிறார். ஆனால் இருவர் மனத்திலும் ஓடும் கேள்வி ஒன்றே: அதன் எல்லை எங்கே முடிகிறது, நம் எல்லை எங்கே தொடங்குகிறது? இந்தக் கேள்விக்குப் பொந்து ஒரு விதமாகவும் பெட்டி வேறு விதமாகவும் விடை சொல்கின்றன.

அளவிலிருந்தே தொடங்கலாம். முழு வளர்ச்சி அடைந்த பொயசிலோதீரியா கால்களை விரித்தால் நம் உள்ளங்கையை மூடி விரல்களுக்கு வெளியிலும் நீளும். அதற்கு முப்பது சென்டிமீட்டர் சதுர அடித்தளமும் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டி தாராளம் என்பது வளர்ப்போரிடையே பொதுவான கணக்கு. இதைக் கேட்டதும் பலருக்கு இரக்கம் பிறக்கிறது: ஐம்பதடிப் புளியமரத்தில் வாழ்வதற்கு இவ்வளவுதானா? பொந்துக்குள் எட்டிப் பார்த்தால் அந்த இரக்கம் இடம் மாறும். சிலந்தி விரும்பும் பொந்தின் வாய் இரண்டு மூன்று விரல் நுழையும் அளவுதான். உள்ளே அது கால்களை முழுதாக நீட்டக்கூட முடியாத நெருக்கம். முதுகும் வயிறும் இரு பக்கமும் மரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதைத்தான் அது பாதுகாப்பாகக் கொள்கிறது. இந்தப் பேரினத்தின் தட்டையான உடலமைப்பே இடுக்குக்கென்று அமைந்தது. பெட்டியில் நாம் கொடுக்கும் வெட்டவெளி நமக்குக் காணத் தாராளம். சிலந்திக்கு அது மரத்தின் வெளிப்புறம்.

இங்கேதான் நம் ஒப்பீட்டைத் திருத்தி அமைக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டியைப் பொந்துக்கு எதிரே நிறுத்தியது பொருந்தாத இணை. பெட்டி பொந்துக்குச் சமமில்லை, அடிமரத்துக்குச் சமம். பொந்துக்குச் சமமானது, பெட்டிக்குள் நாம் சாய்த்து நிறுத்தும் பட்டைக்குழாய். இந்த இணை சரியாக விழுந்தவுடன் பெட்டி அமைப்பதில் உள்ள குழப்பங்கள் பலவும் தாமாகத் தெளிகின்றன. விலையுயர்ந்த பெரிய பெட்டி வாங்கி, அதனுள் ஒரு சிறு மரத்துண்டை மட்டும் போட்டு, சிலந்தி எப்போதும் மூலையில் கூனிக் கிடக்கிறதே என்று வருந்துபவர் சிலந்திக்கு மரம் கொடுத்திருக்கிறார், வீடு கொடுக்கவில்லை. சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்தமான குழாய் ஒன்றை நிறுத்தியவரின் சிலந்தி சில நாளில் அதன் வாயைச் சுற்றிப் பட்டு நூற்றுக் குடியேறிவிடும்.

பொந்து எப்படி உண்டாகிறது என்பதையும் குழாய் எப்படி அமைகிறது என்பதையும் சற்று நின்று பார்க்கலாம். புளியமரத்தில் ஒரு கிளை முறிகிறது. காயத்தின் வழியே மழைநீரும் பூஞ்சையும் இறங்குகின்றன. வைரம் மெல்ல உளுத்து உள்ளே கூடாகிறது. மரங்கொத்தி கொத்திக் கைவிட்ட குழியும் உண்டு. எல்லாம் பல ஆண்டு வேலை. வளர்ப்பவரோ போர்ச்சுகல் முதலிய நாடுகளில் உரிக்கப்படும் கார்க் ஓக் மரத்தின் பட்டையை வாங்கி, ஒரே மாலையில் பொந்து கட்டிவிடுகிறார். கார்க்குக்கு உலகெங்கும் இந்த மதிப்பு வந்ததற்குக் காரணம் ஈரத்தில் எளிதில் பூஞ்சை பிடிக்காததும், கை வைத்தால் உதிராததும், சிலந்தியின் நகம் பற்றும் சொரசொரப்பும்தான். நம் பக்கத்தில் கார்க் கிடைப்பது அரிது. மூங்கில் குழாய் வடிவத்தில் கச்சிதமாகத் தோன்றினாலும் ஈரம் பட்டால் விரைவில் பூஞ்சை கட்டும். காற்றில் விழுந்து நன்றாகக் காய்ந்த புளியங்கிளையின் பட்டை, உள்ளே கூடாகிப்போன பழைய மரத்துண்டு ஆகியவை நம் ஊர்ப் பெட்டிக்குச் சரியாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். பூச்சிமருந்து படாத இடத்திலிருந்து எடுத்து, நல்ல வெயிலில் பல நாள் போட்டு எடுத்தாலே போதும். குழாயை நட்டுக்குத்தாக வைக்காமல் பின்சுவரில் சாய்த்து நிறுத்தி, மேல் வாய் கூரைக்குச் சற்றுக் கீழே வருமாறு வைப்பது முக்கியம். பொந்து வாயில் உட்கார்ந்து வெளியே பார்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா?

அந்த இடத்தில் மாலையில் நடப்பது இரண்டு வீட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. வெளிச்சம் மங்கியதும் முதலில் வெளியே வருவது முன்னங்கால் இரண்டின் நுனிகள். அவை பட்டையின் விளிம்பில் படிந்து அசையாமல் இருக்கும். பிறகு மெல்ல உடல் வரும், முழுவதும் வராது. பின்னங்கால்கள் உள்ளேயே ஊன்றியிருக்க, முன்பாதி மட்டும் பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும். சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் கலந்த முதுகுக் கோலம் மரப்பட்டையின் வெடிப்பைப் போலவே இருப்பதால், இருக்கிறது என்று தெரிந்தவருக்கே கண் தேட வேண்டியிருக்கும். பக்கத்தில் காலடி அதிர்ந்தால் வந்த சுவடு தெரியாமல் உள்ளே போய்விடும். அதையும் மீறிச் சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கி, அடிப்புறத்தில் ஒளித்திருந்த மஞ்சள் நிறத்தைக் காட்டும். இந்த வரிசையில் மரத்துக்கும் கண்ணாடிக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. பெட்டியில் பிறந்து, தன் மூதாதையரின் மரத்தையே காணாத சிலந்தியும் இப்படியே செய்கிறது. வீட்டின் வரைபடம் அதற்குள்ளேயே இருக்கிறது; நாம் பொருள்களை மட்டும் தருகிறோம்.

காற்றும் ஈரமும்தான் இரண்டு வீடுகளும் கூர்மையாகப் பிரியும் இடம். பொந்து ஒரு நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. அதன் அடியில் தேங்கிய மரத்தூளும் சருகும் மழைக்குப் பின் வெகுநாள் ஈரத்தை வைத்திருக்கின்றன. அதன் வாயருகே தீவின் கடற்காற்று ஓயாமல் உரசிப் போகிறது. ஆகவே கீழே ஈரம், மேலே உலர்வு. சிலந்தி தனக்கு வேண்டிய இடத்துக்கு ஓரிரு அங்குலம் நகர்ந்துகொண்டால் போதும். பெட்டியிலோ புதிதாக வளர்ப்பவர் ஒரு பிழை செய்கிறார். ஈரப்பதம் இவ்வளவு சதவீதம் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, அளவுமானி ஒன்றை ஒட்டி, எண் குறையும்போதெல்லாம் நீர் தெளிக்கிறார். தெளித்த ஈரம் போகாதிருக்கக் காற்றுத்துளைகளை அடைக்கிறார். சில வாரத்தில் கண்ணாடியில் நீர் கோத்து, பட்டையில் பூஞ்சை வெளுத்து, அடியில் சிற்றுண்ணிகள் பெருகுகின்றன. தென் அமெரிக்க மரவாழ் டரான்டுலாவான அவிகுலேரியா இத்தகைய தேங்கிய காற்றில் சட்டென்று செத்துப்போவது வளர்ப்போர் நெடுநாள் அனுபவத்தில் கற்ற பாடம். பொயசிலோதீரியா சற்றுத் தாங்கும். தாங்குகிறது என்பதால் தரவேண்டும் என்றாகாது.

பொந்தைப் பார்த்துக் கற்றவர் பெட்டியில் செய்வது எளிது. ஒரு பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் துளை வரிசை ஒன்று, எதிர்ச்சுவரின் மேற்பகுதியில் இன்னொன்று. சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழிருந்து புதுக்காற்று உள்ளே வரும். அடித்தளத்தின் ஒரு மூலையில் மட்டும் நீர் ஊற்றி, மற்றப் பகுதியை உலர விடுவது. இவ்வளவில் பொந்தின் மேல்கீழ் வேறுபாடு பெட்டிக்குள் வந்துவிடுகிறது. அளவுமானியின் எண் என்ன சொன்னாலும் சிலந்தி தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். கூரையில் கம்பிவலை போட்ட பெட்டிகளைத் தவிர்ப்பது நல்லது. காற்றுக்கு அது உதவினாலும் சிலந்தியின் கால்நகம் வலைக்கண்ணில் சிக்கிக் கால் முறிவதுண்டு. மரப்பட்டை எதிலும் அந்தப் பொறி இல்லை.

நீர் குடிப்பதில் ஒரு சிறு ஒற்றுமை எனக்கு மிகப் பிடித்தது. பொந்தின் வாயைச் சுற்றிச் சிலந்தி நூற்ற பட்டில் மழைத்துளி தங்கும். சிலந்தி வாயுறுப்பை அந்தத் துளியில் அழுத்தி உறிஞ்சும். பெட்டியின் அடியில் வைத்த நீர்க்கிண்ணத்துக்கு அது இறங்கி வரும் என்றாலும், குழாய் வாயில் இருக்கும் பட்டின்மீது சில துளிகள் தெளித்தால் இறங்குவதற்கு முன் அங்கேயே குடிக்கும். ஒரே பட்டு மழைக்கும் தெளிப்பானுக்கும் பாத்திரமாகிறது.

தரைக்கு வருவோம். பொந்தின் தரை சிலந்தி போட்டதன்று. உளுத்த மரத்தூளும், பழைய சட்டைகளும், தின்று போட்ட வண்டுகளின் ஓடும் இறகும் சேர்ந்து படிந்தது. பெட்டியின் தரையை நாம் போடுகிறோம். உலகம் முழுதும் இதற்கு மிகுதியாகப் பயன்படுவது தென்னைநார்க் கழிவு. மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது உதிரும் அந்தத் தூளைக் கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்வதில் பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைகளுக்கும் இலங்கைக்கும் பெரும் பங்கு. ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ ஒரு பெட்டியில் வளரும் ஹனுமவிலாசுமிகா, தன் முன்னோர் குடியிருந்த தென்னையின் கழிவின்மீதே நிற்கக்கூடும். சிலந்தியை அனுப்பிய நிலமே தரையையும் அனுப்பியிருக்கிறது என்பதை அந்த வளர்ப்பவர் எண்ணிப் பார்த்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது. திருவேங்கடத்தில் இருப்பவர் இதற்குக் கடைக்குப் போகவே வேண்டாம். ஆனால் நார்க்கழிவில் உப்பு இருக்கும். நன்றாக அலசிக் காயவைத்தே இட வேண்டும். நான்கு விரற்கடை ஆழம் போதும். மண்ணில் வளைதோண்டும் டரான்டுலாவுக்குத்தான் ஆழமான தரை வேண்டும்; இதற்குத் தரை என்பது ஈரம் தங்கும் பாத்திரம் மட்டுமே. இளஞ்சிலந்திகள் மட்டும் விதிவிலக்கு: அவை சிலசமயம் பட்டையின் அடியில் நார்க்கழிவைக் குடைந்து, தூளைப் பட்டில் கோத்துச் சுவர் எழுப்பும்.

கதவைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் பொந்துக்கு இல்லாததும் பெட்டிக்கு உயிரானதும் அதுதான். பொந்து திறந்தே இருக்கிறது. சட்டை உரிக்கும் காலத்திலோ முட்டைப்பை காக்கும்போதோ சிலந்தியே பட்டால் வாயை அடைத்துக்கொள்ளும். அதாவது பொந்தின் கதவு சிலந்தியின் கையில். பெட்டியின் கதவு நம் கையில். பொயசிலோதீரியாவின் வேகம் கண்ணுக்குப் பிடிபடாதது. அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்கள் பலவற்றுக்கு வயிற்றில் அரிப்பூட்டும் முடி உண்டு, அதை உதிர்த்து எதிரியை விரட்டும். நம் பக்கத்துச் சிலந்திகளுக்கு அது கிடையாது. அவற்றிடம் இருப்பது ஓட்டமும் கடியும். இந்தப் பேரினத்தின் கடியால் மனிதர் இறந்ததாகத் தெரியவில்லை என்றாலும், கடித்துப் பல மணி நேரம் கழித்துக் கடுமையான தசைப்பிடிப்பு தொடங்கி நாள்கணக்கில் விட்டுவிட்டு வந்து படுத்தும் என்பது மருத்துவப் பதிவுகளில் உள்ளது. இதைக் கையில் எடுத்து விளையாடும் பிராணியாக எண்ணுபவர் வேறு பிராணியைத் தேர்ந்துகொள்வதே முறை.

முன்கதவா மேல்மூடியா என்ற பழைய விவாதத்தையும் இந்த ஒப்பீட்டை வைத்துத் தீர்க்கலாம் என்று நினைக்கிறேன். மேல்மூடி உள்ள பெட்டியில் சிலந்தி மூடிக்கும் பட்டைக்கும் நடுவே பட்டு கட்டிவிடும். திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வாசல் கிழியும். பொந்தின் வாயை வாரந்தோறும் யாரோ உடைத்துவிட்டுப் போவதற்கு ஒப்பானது அது. முன்கதவில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் திறந்தவுடன் சிலந்தி கையை நோக்கி ஓட நேர்வழி கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது முன்கதவுதான். குழாயின் வாய் கதவைப் பார்க்காமல் பின்மூலையைப் பார்த்திருக்க, நீர்க்கிண்ணம் கதவருகே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பகலில், சிலந்தி குழாய்க்குள் இருப்பதைக் கண்ணால் உறுதி செய்துகொண்டு, நீண்ட இடுக்கியால் வேலையை முடிப்பது. அரண்டால் அது குழாய்க்குள்தான் ஓடும். ஓடுவதற்கு நல்ல பொந்து இருக்கும்வரை வெளியே ஓடும் அவசியம் அதற்கு இல்லை. வளர்ப்பவரின் பாதுகாப்பும் சிலந்தியின் நிம்மதியும் ஒரே பட்டைக்குழாயில் வந்து சேர்வது இந்த ஒப்பாய்வில் நான் கண்ட இனிய வியப்புகளில் ஒன்று.

வெப்பத்தில் பெட்டிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஐரோப்பிய வளர்ப்பவர் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கவலையில் இருக்கிறார். திருவேங்கடத்துச் சித்திரையில் பாகை நாற்பதை நெருங்கும்போது நம் கவலை தலைகீழ். தடித்த அடிமரம் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி இரவில் மெல்ல விடுகிறது. பொந்தின் உள்ளே வெளியைவிட ஏற்ற இறக்கம் குறைவு. மெல்லிய கண்ணாடிக்கு அந்தப் பொறுமை கிடையாது. சன்னல் வெயில் அரை மணி நேரம் விழுந்தால் பெட்டி அடுப்பாகிவிடும். மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையைவிட நடுவீட்டின் வடக்குச் சுவரோரம், தரையை ஒட்டிய அலமாரி ஏற்றது.

இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது: கொசுவர்த்திச் சுருளும், மின்சாரத்தில் செருகும் கொசுமருந்தும். கொசுவைக் கொல்லும் அதே பைரித்ராய்டு வகை மருந்து சிலந்தியையும் பாதிக்கும். பெட்டி உள்ள அறையில் அவற்றை மூட்டவே கூடாது. வயலில் பிடித்த வெட்டுக்கிளியைத் தீனியாகப் போடுவதும் அப்படியே. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்தடிக்கும் ஊரில் அந்தப் பூச்சி எதைத் தின்றது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தனியே வளர்த்த கரப்பான் போதும். பொந்துக்கும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை. தோப்பில் அடிக்கும் மருந்து பொந்து வாயைத் தாண்டி உள்ளேயும் போகும். பெட்டியில் ஒருவர் சுருளை அணைத்தால் தீர்ந்தது; தோப்பில் ஊரே சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

அண்டை அயல் விஷயத்தில் பெட்டி தோற்கிறது. டரான்டுலாக்கள் பொதுவாகத் தனிமை விரும்பிகள்; ஒன்றை ஒன்று தின்றுவிடும். பொயசிலோதீரியா அந்த விதியிலிருந்து சற்று விலகியது. தாயும் குஞ்சுகளும் ஒரே பொந்தில் நெடுநாள் சேர்ந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. நல்ல பொந்துகள் குறைவாக இருக்கும் தோப்பில் இந்தப் பொறுமை பிழைப்புக்கு உதவுகிறது என்று கருத இடமிருக்கிறது. வளர்ப்பவர் சிலர் பெரிய பெட்டியில் உடன்பிறந்த குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்துப் பார்க்கிறார்கள். சிலசமயம் நடக்கிறது, சிலசமயம் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. மரத்தில் ஒத்துப்போகாத குஞ்சு அடுத்த கிளையின் வெடிப்புக்குப் போய்விடலாம். பெட்டியில் போக்கிடம் இல்லை. ஒரு பெட்டிக்கு ஒரு சிலந்தி என்பதே நான் பரிந்துரைப்பது. குஞ்சாக இருக்கும்போது சிறு குப்பியில் தொடங்கி, வளர வளரப் பெட்டியை மாற்றுவது. அதிலும் மரத்தின் முறையே தெரிகிறது: குஞ்சுக்குப் பட்டை வெடிப்பு, வளர்ந்ததற்குப் பொந்து.

இதுவரை பொந்தை இயற்கை என்றும் பெட்டியைச் செயற்கை என்றும் பேசிவந்தோம். அந்தப் பிரிவினையும் உறுதியாக நிற்கவில்லை. ராமேஸ்வரத்துப் புளியும் தென்னையும் யாரோ நட்டவை. புளிக்காகவும் தேங்காய்க்காகவும் காத்து வளர்த்தவை. இலங்கையில் இது இன்னும் வெளிப்படை. 2012இல் விவரிக்கப்பட்ட ராஜேயி என்ற இனம் மாங்குளத்தில் பழைய மருத்துவமனையின் மருத்துவர் விடுதியிலும் கண்டெடுக்கப்பட்டது; காட்டு மரங்கள் குறைந்த இடத்தில் அது கட்டடத்துக்குள் வந்திருக்கிறது. மனிதர் நட்ட மரம், மனிதர் கட்டிய சுவர், மனிதர் ஒட்டிய கண்ணாடி: சிலந்தி மூன்றையும் ஒரே கேள்வியால் அளக்கிறது. உடல் இரு பக்கமும் தொடும் இருட்டு இங்கே உண்டா?

வேறுபாடு, அந்த மனிதர் எதற்காகச் செய்தார் என்பதில் இருக்கிறது. தோப்புக்காரர் சிலந்தியை எண்ணி மரம் நடவில்லை. விறகுக்கோ வீட்டுமனைக்கோ வெட்டும்போதும் அதை எண்ணப்போவதில்லை. பெட்டிக்காரர் சிலந்தி ஒன்றையே எண்ணுகிறார்; அந்த எண்ணமே காட்டைக் காலி செய்யும் ஆசையாகவும் மாறக்கூடும். ஹனுமவிலாசுமிகாவை 2008இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மிக அருகிய இனப் பட்டியலில் வைத்தது. வாழிடம் சுருங்குவதே முதல் காரணம். 2018இல் அமெரிக்க அரசு இலங்கையின் ஐந்து பொயசிலோதீரியா இனங்களைத் தன் அருகிவரும் உயிரினச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. 2019இல் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு பேரினம் முழுவதையும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. அன்றிலிருந்து எல்லை தாண்டும் ஒவ்வொரு சிலந்திக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது சைட்டிஸ் பட்டியலில் உள்ளவற்றுக்கென்றே தனி அட்டவணை வந்தது. அத்தகைய உயிரை வைத்திருப்பவர் அரசுக்கு அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே தென்காசி மாவட்டத்தில் பெட்டி அமைக்க நினைப்பவருக்கு நான் சொல்வது இது. புளியமரத்தில் கைவிட்டுச் சிலந்தியைப் பிடிக்க வேண்டாம். பிடித்து விற்பவரிடம் வாங்கவும் வேண்டாம். பெட்டியில் பிறந்த குஞ்சு என்பதற்குச் சான்றும் சட்டப்படியான பதிவும் கையில் இருந்தால் மட்டும் மேலே சொன்ன குழாயும் துளையும் நார்க்கழிவும் உதவும். பெட்டி வளர்ப்பாளரை வெறுமனே குற்றவாளியாகப் பார்க்கவும் எனக்கு ஒப்பவில்லை. இந்தச் சிலந்திகள் எப்படிச் சட்டை உரிக்கின்றன, பெண் எத்தனை ஆண்டு வாழ்கிறது, முட்டைப்பையை எப்படிக் காக்கிறது என்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அவர்களுடைய பொறுமையான கவனிப்பிலிருந்து வந்தது. ஒரு பெண் பத்தாண்டுக்கு மேல் வாழ்வதையும், ஆண் பருவமடைந்த சில மாதங்களில் முடிந்துபோவதையும் தோப்பில் நின்று யாரும் கணக்கெடுத்திருக்க முடியாது. தோப்பில் நின்று பார்த்தவர்களும் பெட்டி தராத ஒன்றைத் தந்திருக்கிறார்கள். கோயம்புத்தூரின் ஜூ அவுட்ரீச் அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மரம் மரமாகத் தேடி, எந்த மரத்தில் எந்த வகைப் பொந்தில் ஹனுமவிலாசுமிகா குடியிருக்கிறது என்று பதிந்தார்கள். பெட்டிக்குள் குழாயின் வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அத்தகைய பதிவுகளில்தான் விடை இருக்கிறது.

குழாய் உளுத்துப்போனால் பெட்டிக்காரர் இன்னொரு பட்டையைச் சாய்த்து நிறுத்துகிறார். பழையதன் பட்டில் ஒரு பகுதியை வெட்டிப் புதியதன் வாயில் ஒட்டிவிட்டால் சிலந்தி விரைவில் அங்கே குடிபோகிறது. தோப்பில் பொந்துள்ள மரம் சாய்ந்தால் அடுத்த மரத்தில் பொந்து விழப் பல ஆண்டு ஆகும். காய்ப்பு ஓய்ந்த மரம், உள்ளே கூடாகிவிட்ட மரம் என்று தோப்புக்காரர் முதலில் வெட்டக் குறிப்பது எதுவோ, அதுவே சிலந்திக்கு முதல்தரமான வீடு. ஆகையால் பெட்டியைப் பற்றி என்னிடம் கேட்பவர்களிடம் எந்தக் கண்ணாடி, எவ்வளவு உயரம் என்று சொல்வதற்கு முன், தங்கள் ஊரில் அப்படிக் கூடாகிய புளியமரம் எங்கே நிற்கிறது, அது யாருடையது என்று விசாரித்து வைக்கச் சொல்கிறேன்.